ஃபிளாட்டில் ராத்திரி பிராக்டிஸ்: 12,000 ரூபாய்க்குள் எந்த கிட்டார் ஆம்ப்?

ஆறுதந்தி

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரிக் கிட்டாருக்கு வீட்டில் வைத்துப் பழக ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். மொத்த பட்ஜெட் 12,000 ரூபாய். கேபிள் இருக்கிறது.

சென்னையில் இரண்டாம் மாடி ஃபிளாட். பத்துக்குப் பத்து அறை, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். வாசிக்க நேரம் கிடைப்பது பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்கு மேல்தான். கிட்டார் ஸ்ட்ராட் வகை: மூன்று பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) பிரிட்ஜில் இருப்பது ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள்), மற்ற இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). பாதி நேரம் சினிமாப் பாட்டு, கிளீன் டோனில், அதாவது கரகரப்பில்லாமல். மீதி நேரம் ராக்.

கடையில், "10 வாட்ஸ் வாங்கினா ஆறு மாசத்துல பத்தாது, கிட்டத்தட்ட அதே விலைக்கு 40 வாட்ஸ் இருக்கு, அதை எடுத்துக்கோங்க" என்கிறார்கள். அது சரியா? வீட்டில் ஹோம் தியேட்டர் சும்மா கிடக்கிறது, அதில் கிட்டாரைச் செருகினால் என்ன? கிட்டாரிலேயே செருகும் அந்தக் குட்டி ஹெட்ஃபோன் ஆம்ப் மட்டும் போதுமா? பழைய ஆம்ப் வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சோல்டர்புகை

உங்கள் அறைக்கு 10 வாட்ஸே அதிகம்.

ஸ்பீக்கரின் திறனை, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கிறது என்று அளப்பார்கள். சின்ன ஆம்ப் ஸ்பீக்கருக்கு அது 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 வாட்டுக்கு 90. பத்தில் ஒரு பங்கு வாட்டுக்கு 80. நூறில் ஒரு பங்குக்கு 70. ஒன்பதரை மணிக்கு மேல் நீங்கள் வாசிக்கப்போவது இந்த 70-க்கும் கீழே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சுவர் கொஞ்சம் தடுக்கும், ஆனால் மேல் ஸ்வரங்களைத்தான் நன்றாகத் தடுக்கும். ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் 82 ஹெர்ட்ஸ் சுவர் வழியாகவும் தளம் வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் உங்கள் சோலோ கேட்காது, "தும் தும்" மட்டும் கேட்கும்.

10 வாட்ஸிலிருந்து 40 வாட்ஸுக்குப் போனால் கூடுவது 6 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது நாலு மடங்கு வாட்ஸ் கொடுத்தும் இரண்டு மடங்கு சத்தம்கூட வருவதில்லை. டிரம்ஸோடு மேடையில் வாசிக்கும்போது அந்த 6 டெசிபலுக்கு மதிப்பு உண்டு. உங்கள் அறையில் அது தொந்தரவுதான். விலை குறைந்த 40 வாட்ஸ் ஆம்பில் வால்யூம் குமிழை ஏழு மணி நிலையில் வைத்தால் ஒன்றும் கேட்காது, எட்டு மணியைத் தாண்டினால் வீடே விழித்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டிய சத்தம் முழுக்க அந்த ஒரு மணி இடைவெளிக்குள் அடங்கியிருக்கும், முடி அளவு திருப்பித் திருப்பித் தேட வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே விலையில் வாட்ஸ் மட்டும் நாலு மடங்கு என்றால் ஸ்பீக்கரிலோ பெட்டியின் பலகையிலோ கை வைத்திருப்பார்கள்.

வாட்ஸை விட்டுவிட்டு இந்த நாலைக் கவனியுங்கள். கெயினும் (சிக்னலை உள்ளே எவ்வளவு பெருக்குவது என்பது) வால்யூமும் தனித்தனிக் குமிழாக இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தத்தைக் கூட்டாமல் டிஸ்டார்ஷனை (ராக்கில் வரும் கரகரப்பு) கூட்ட முடியும். ஸ்பீக்கர் 6 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. பாட்டை ஓடவிட்டுக் கூட வாசிக்க ஆக்ஸ் (ஃபோனைச் செருகும் இன்புட்) இருந்தால் வசதி. எல்லாவற்றையும்விட முக்கியம், ஹெட்ஃபோன் ஜாக்கில் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியில் கேட்பது போல ஒலியை மாற்றும் வசதி) இருக்கிறதா என்பது.

அந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் தாண்டினாலே சட்டென்று மங்கிவிடும். டிஸ்டார்ஷனிலிருந்து கிளம்பும் கூரான இரைச்சலெல்லாம் அதற்கு மேல்தான் இருக்கிறது, ஸ்பீக்கரே அதை வடிகட்டிவிடுகிறது. ஹெட்ஃபோனோ 20,000 வரை அப்படியே கொடுக்கும். வடிகட்ட ஆளில்லாவிட்டால் ஓவர்டிரைவ் (டிஸ்டார்ஷனின் மிதமான வகை) போட்டதும் காதுக்குள் குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். உங்கள் ஹோம் தியேட்டர் கேள்விக்கும் பாதி பதில் இதுதான்.

மாடல் என்று பார்த்தால், ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி: 10 வாட்ஸ், 6 அங்குலம், ஆக்ஸும் ஹெட்ஃபோன் ஜாக்கும் உண்டு. கிளீன் டோன் விலைக்கு மிக நன்று, ஓவர்டிரைவ் கரடுமுரடு. ஆரஞ்சு க்ரஷ் 12: 12 வாட்ஸ், 6 அங்குலம், பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் தனித்தனி, ஹெட்ஃபோன் வழியில் கேபினெட் சிமுலேஷன் உண்டு. ராக்குக்குக் கை கொடுக்கும். பாஸ் கட்டானா மினி: 7 வாட்ஸ், 4 அங்குலம், ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும், டிலே (எதிரொலி எஃபெக்ட்) உள்ளேயே இருக்கிறது. பவர்கட்டிலும் வாசிக்கலாம். ஆனால் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து பேஸ் எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் நேரத்தையும் பாட்டையும் வைத்துப் பார்த்தால் நான் க்ரஷ் 12 பக்கம் சாய்வேன்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். அவர்கள் வால்யூமைப் பாதிக்கு ஏற்றிக் காட்டுவார்கள், அந்தச் சத்தத்தில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். நீங்களே குமிழைப் பிடித்து, இரண்டு பேர் பேசும் சத்தத்துக்கு மேல் போகாமல் பத்து நிமிடம் வாசியுங்கள். அந்த அளவில் உயிரோடு இருப்பதை வாங்குங்கள்.

நள்ளிரவு_ரிஃப்

சோல்டர்புகை சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா முடிவுல எனக்கு வேற கருத்து. ப்ரோ, நீங்க வாசிக்கிற நேரத்துல பாதிக்கு மேல ஹெட்ஃபோன்லதான் போகப்போகுது. அப்புறம் ஸ்பீக்கருக்கு ஏன் காசு? ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒரு சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பாருங்க. ஆம்ப் சிமுலேஷன், கேபினெட், டியூனர், ரிதம், லூப்பர் (வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுறது) எல்லாம் ஒரே டப்பாவுல. நாலு ஏஏ பேட்டரி போதும். ஆக்ஸும் இருக்கு. மிச்சக் காசுல ஒழுங்கான ஹெட்ஃபோன் வாங்குங்க, அதுலதான் மணிக்கணக்கா கேக்கப்போறீங்க.

ஹோம் தியேட்டர்ல கிட்டாரை நேரா செருகாதீங்க. உடைஞ்சிடாது, ஆனா நல்லா இருக்காது. பிக்கப் எதிர்பார்க்கிற இன்புட் இம்பிடன்ஸ் (வர்ற சிக்னலுக்கு இன்புட் காட்டுற மின்தடை) சுமாரா 1 மெகாஓம். ஹோம் தியேட்டர் ஆக்ஸ்ல இருக்கிறது அதுல நூத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். ட்ரெபிள் செத்துப்போய், போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி வரும். அதே ஹோம் தியேட்டருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் வழியா போனா அருமையா இருக்கும். 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக்ல இருந்து ரெண்டு ஆர்சிஏ (ஹோம் தியேட்டர்ல செருகுற சிவப்பு, வெள்ளை பின்) பிரியிற கேபிள் ரிச்சி தெருவுல கிடைக்கும். அதை ஆக்ஸ்ல போட்டு, சவுண்ட் மோடை வெறும் ஸ்டீரியோவுக்கு மாத்திடுங்க, சரவுண்ட் வேண்டாம். சப்வூஃபரை முடிஞ்சவரை குறைங்க, இல்லன்னா சோல்டர்புகை சொன்ன அந்த "தும் தும்" டபுளா போகும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். சாதாரண ப்ளூடூத்ல சத்தம் 150, 200 மில்லிசெகண்ட் லேட்டா வரும். 10 மில்லிசெகண்ட்னா கை பழகிக்கும், 200ன்னா தாளமே போயிடும். பேக்கிங் டிராக் மட்டும் ப்ளூடூத்ல ஓடினா பரவாயில்ல, ஏன்னா கிட்டார் சத்தம் அந்த வழியா போகல. வயர் உள்ளதா, காதை மூடுற மாதிரி, 32 ஓம்ல இருந்து 80 ஓமுக்குள்ள வாங்குங்க. 3.5-ஐ 6.35-ஆ மாத்துற பின் ஸ்டீரியோவான்னு பாருங்க, பிளக்ல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கணும். ஒரு வளையம்னா மோனோ, ஒரு காதுல மட்டும்தான் கேக்கும். அதைப் பார்த்துட்டு ஹெட்ஃபோன் போச்சுன்னு நிறைய பேர் திருப்பிக் கொடுத்துடறாங்க.

லேப்டாப் இருந்தா யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்ல இணைக்கிற டப்பா) வழியும் இருக்கு. நியூரல் ஆம்ப் மாடலர்னு இலவசமா கிடைக்கிற ஒண்ணு, காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர் பலதுக்கு ஈடா இருக்கும். பஃபரை (லேப்டாப் ஒரே தடவையில கையாளுற ஒலித் துண்டு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ்னு வெச்சா உள்ளே போக 2.7, வெளியே வர 2.7 மில்லிசெகண்ட் தாமதம்தான். ஆனா லேப்டாப்பைத் திறந்து எல்லாத்தையும் செட் பண்ணி முடிக்கறதுக்குள்ள பாதி நாள் வாசிக்கிற மூடே போயிடும். தினசரி பிராக்டிஸுக்கு ஒரு சுவிட்ச் போட்டா வாசிக்கலாம்னு இருக்கறதுதான் நல்லது.

நீங்க கேட்ட குட்டி ஹெட்ஃபோன் ஆம்ப், வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி, நல்லதுதான், டிராவலுக்கு கண்டிப்பா. ஆனா அது மட்டுமே வீட்டுக்குப் போதும்னு சொல்ல மாட்டேன். நண்பர் ஒருத்தர் வந்தாக்கூட கேக்க வைக்க முடியாது.

பழையசரக்கு

பழையது வாங்கும் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 12,000-க்குப் பழையதில் பார்த்தால் ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 கிடைக்க வாய்ப்பு உண்டு. 25 வாட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கர், யூஎஸ்பியில் ரெக்கார்டிங்கும் செய்யலாம். கிடைத்தால் இங்கே சொன்ன புதியது எதையும்விட அதை எடுப்பேன். சரியாகப் பார்த்து வாங்கினால்.

போகும்போது கிட்டார், கேபிள், ஒரு ஹெட்ஃபோன் மூன்றும் கையில் இருக்கட்டும்.

முதலில் பவர். பின்பக்கத் தகட்டில் 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது 120 வோல்ட்டோ 100 வோல்ட்டோவாக இருக்கும். அதை நம் 230-இல் நேராகச் செருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடாப்டரில் ஓடும் ஆம்ப் என்றால் அதன் சொந்த அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். இந்த வகையில் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பின் அளவு பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது.

கிட்டார் செருகாமல் ஆன் செய்து, எல்லாக் குமிழையும் சுழியில் வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" இருக்கலாம். கனமான "ம்ம்ம்" இருந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. பிறகு குமிழ் ஒவ்வொன்றையும் மெதுவாகக் கடைசி வரை திருப்புங்கள். கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்பினால் போய்விடும். விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் சத்தம் முழுதாக விட்டுப்போனால் அது தேய்மானம், குமிழின் கன்ட்ரோலை மாற்ற வேண்டும்.

அடுத்து இன்புட் ஜாக். பிளக்கைச் செருகி மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே போர்டில் சோல்டர் விரிசல். விலை குறைந்த ஆம்புகளில் ஜாக் நேராகப் போர்டிலேயே நிற்கிறது, யாராவது கேபிளில் தடுக்கி இழுத்திருந்தால் போதும். சரிசெய்வது அரை மணி வேலைதான்.

ஹெட்ஃபோன் ஜாக்கைச் சோதிக்காமல் வராதீர்கள். அதற்குள் ஒரு சின்னத் தகடு சுவிட்சாக வேலை செய்கிறது: பின்னைச் செருகினால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும், எடுத்தால் இணைக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு அந்தத் தகடு கறுத்துவிடும். பின்னை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கும். "ஸ்பீக்கர் போயிடுச்சு" என்று அடிமாட்டு விலைக்கு வரும் ஆம்புகளில் சிலவற்றுக்கு வியாதியே இதுதான். பின்னில் கிளீனர் தடவிப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் உயிர் வந்துவிடும்.

கடைசியில் ஸ்பீக்கர். முன்துணி வழியே டார்ச் அடித்துக் கிழிசல் பாருங்கள். பின்பக்கம் திறந்த பெட்டியானால் கை விட்டு, கோனை (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மிக லேசாகத் தள்ளிப் பாருங்கள். காகிதம் உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் சுருள்) தேய்கிறது, அதை விட்டுவிடுங்கள். பிறகு கிளீனில் ஆறாவது தந்தியைக் கொஞ்சம் பலமாக மீட்டுங்கள். கூடவே "பர்ர்" என்று வந்தால் முதலில் பெட்டியின் திருகுகளைப் பிடித்துப் பாருங்கள், பல நேரம் தளர்ந்த ஒரு திருகுதான்.

யாராவது 5 வாட்ஸ் வால்வ் ஆம்ப் (பழைய ரேடியோ போலக் கண்ணாடிக் குழாயில் ஓடுவது) மலிவாக வருகிறது என்றால் இந்தப் பட்ஜெட்டில் வேண்டாம். 5 வாட்ஸ் வால்வே ஃபிளாட்டுக்கு அதிகச் சத்தம், வால்வ் மாற்றும் செலவும் உண்டு. உள்ளே 300 வோல்ட் அளவுக்கு ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். தெரியாதவர் திறக்கவே கூடாது.

ஆறுதந்தி

மூவருக்கும் மிக்க நன்றி. க்ரஷ் 12 வாங்கிவிட்டேன். கடையில் மெதுவாக வாசித்துப் பார்த்தபோது 40 வாட்ஸுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் எனக்கே நன்றாகத் தெரிந்தது.

இப்போது ஒரு பிரச்சினை. ஓவர்டிரைவ் போட்டால் கடையில் இல்லாத ஒரு "ஜ்ர்ர்ர்" வீட்டில் வருகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. கிட்டார் வால்யூமைச் சுழியாக்கினால் நின்றுவிடுகிறது. ஆம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

சோல்டர்புகை

திருப்ப வேண்டாம். கிட்டார் வால்யூமைச் சுழியாக்கினால் நிற்கிறது என்றால் ஆம்பும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. அறையில் இருக்கும் ஏதோ ஒன்றின் இரைச்சலைப் பிக்கப் பிடிக்கிறது. தந்தியைத் தொட்டால் குறைவதும் இயல்புதான், பிரிட்ஜ் வழியாக எர்த் சரியாக இணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர். இடைவெளி இல்லாமல் வழுவழுவென்று சுழலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரன்ட் அலையை விநாடிக்கு 100 தடவை வெட்டுகிறது. வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வெடிப்பு, அதுதான் உங்கள் "ஜ்ர்ர்ர்". ஃபேனை நிறுத்திப் பாருங்கள், பிறகு முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் குறைந்து நடுவேகத்தில் மட்டும் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று டக் டக்கென்று நிற்கும் ஸ்டெப் ரெகுலேட்டரில் உள்ளே கெப்பாசிட்டர்தான், அது அலையை வெட்டுவதில்லை. எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

ஃபேன் இல்லை என்றால் எல்இடி விளக்கு, செல்ஃபோன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பவர்கட்டில் மட்டும் கூடினால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (வழுவழுப்பான அலைக்குப் பதில் சதுர அலை தரும்) வகையாக இருக்கும். நாற்காலியோடு மெல்லத் திரும்பியும் பாருங்கள். சிங்கிள் காயில் ஒரு திசையில் அதிகமாகவும், அதிலிருந்து 90 டிகிரியில் குறைவாகவும் பிடிக்கும். குறையும் திசையைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பதும் ஒரு தீர்வுதான். ராக்குக்கு பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தந்தியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுத்தால் உடனே ஆம்பை அணைத்துவிடுங்கள். சாக்கெட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். ஹம் (அந்த "ம்ம்ம்" இரைச்சல்) போகிறதென்று சிலர் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பார்கள், இரண்டு பின் அடாப்டர் போடுவார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_ரிஃப்

வாழ்த்துகள் ப்ரோ. ஆம்பைத் தரையில, மூலையில வைக்காதீங்க. மூலை பேஸைத் தூக்கிக் கொடுக்கும், தரை அதைக் கீழ்வீட்டுக்கு அனுப்பும். ஒரு ஸ்டூல் மேல, அடியில மடிச்ச துண்டோ ரப்பர் மேட்டோ போட்டு, ஸ்பீக்கர் காதைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்ச்சு வைங்க. ஸ்பீக்கரோட ட்ரெபிள் நேராத்தான் போகும். ஆம்ப் கணுக்காலைப் பார்த்துட்டு இருந்தா உங்களுக்கு மந்தமா கேக்கும், அதுக்காக சத்தத்தை ஏத்துவீங்க.

பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ் மூணையும் பன்னிரண்டு மணியில வெச்சு ஆரம்பிங்க. ரொம்பக் குறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாத் தெரியும், அதனால ரெண்டையும் ஒரு மணி வரைக்கும் ஏத்தலாம். மிடிலைக் குறைக்காதீங்க. கெயின் நினைக்கிறதைவிட கொஞ்சம் கம்மியா இருக்கட்டும், அந்த "ஜ்ர்ர்ர்" கூட அதே அளவு குறையும்.

ஆறுதந்தி

ஃபேன் ரெகுலேட்டரேதான். முழு வேகத்தில் வைத்ததும் சட்டென்று அடங்கிவிட்டது. இருந்தது வழுவழுவென்று சுழலும் வகை, நாளைக்கு ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் மிச்சமிருந்த ஹம்மும் பாதியாகிறது. தந்தியில் ஷாக் எதுவும் இல்லை, இருந்தாலும் அவர் வரும்போது எர்த்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.